தயாப்: யாரும் தடை பண்ணாம, யாரும் முடிவு பண்ணாம ஒரு மொழி எப்படி காலியாகுது

பாப்புவா நியூ கினி. ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்க இருக்கற நாடு. நியூ கினிங்கற பெரிய தீவுல கிழக்குப் பாதி இவங்களோடது, மேற்குப் பாதி இந்தோனேசியா கையில இருக்கு. மக்கள்தொகை ஒரு கோடி பக்கம் சொல்றாங்க, ஆனா மொழிகள் மட்டும் 800க்கு மேல. கிளைமொழி, வட்டார வழக்கெல்லாம் கணக்குல சேர்க்காம, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு சுத்தமா புரியாத தனித்தனி மொழியாவே இத்தனை. உலகத்துல இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு மொழி வேற எங்கயும் கிடையாது. அதுல ஒரே ஒரு மொழியை மட்டும் எடுத்துக்கிட்டு "அழியும் மொழி"ன்னா உண்மையில என்ன நடக்குதுன்னு பாக்கலாம். பேரு தயாப்.

முதல்ல "பாப்புவன் மொழி"ங்கற வார்த்தையை கொஞ்சம் தெளிவு பண்ணிக்கணும், ஏன்னா இதுல நிறைய பேர் குழம்பறாங்க. திராவிட மொழிகள்னு சொன்னா ஒரே மூலத்துலேருந்து கிளைச்சு வந்ததுன்னு அர்த்தம். பாப்புவன் மொழிகள் அப்படி ஒரு குடும்பம் இல்ல. நியூ கினிக்கு மனுஷங்க வந்து 40,000 வருஷத்துக்கு மேல ஆகுது, அதுக்கப்புறம் ரொம்ப ரொம்ப லேட்டா, சுமார் மூவாயிரம் வருஷம் முன்னாடி, படகுல ஆஸ்ட்ரோனேசியன் மொழி பேசறவங்க கடலோரமா வந்து குடியேறினாங்க (மலாய், பிலிப்பைன்ஸ் மொழிகள், ஹவாய் மொழி எல்லாம் அந்தக் குடும்பம்தான்). அந்த ஆஸ்ட்ரோனேசியன்ல சேராத, அந்தப் பகுதியோட பழைய மொழிகள் எல்லாத்துக்கும் சேர்த்து வெச்ச பொதுப் பேருதான் பாப்புவன். அதாவது "இதுல சேராத மத்ததெல்லாம்"னு ஒரு கூடையில போட்ட மாதிரி. அந்தக் கூடைக்குள்ள டஜன் கணக்குல குடும்பம் இருக்கு, எந்தக் குடும்பத்துலயும் சேராம ஒத்தையா நிக்கற மொழிகளும் இருக்கு. தயாப் அந்த ஒத்தை ரகம். இன்னிக்கு வரைக்கும் இதுக்கு சொந்தக்கார மொழின்னு எதையும் நிரூபிக்க முடியல.

தயாப் பேசின ஊர் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான், காபுன். செபிக்னு ஒரு பெரிய ஆறு, ராமுன்னு இன்னொரு ஆறு, ரெண்டும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல இருக்கற சதுப்புக் காட்டுக்குள்ள இந்த ஊர். ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது. அலையாத்திக் காட்டு ஓடைகள்ல சின்னப் படகுல போய், அப்புறம் சேத்துல விழுந்து கிடக்கற மரக்கட்டை மேல பேலன்ஸ் பண்ணி நடந்து போகணும், ஈரமான கட்டை வழுக்கினா இடுப்பு வரைக்கும் சேறு. முக்கிய சாப்பாடு சாகோ. இங்க ஒரு சின்ன விஷயம், நம்ம கடையில வாங்கற ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்குல செய்றது, ஆனா அசல் சாகோங்கறது ஒரு வகைப் பனையோட நடுத்தண்டுல இருக்கற மாவு. ஆம்பளைங்க மரத்தை வெட்டி உள்ள இருக்கற சோத்தை இடிச்சு தூளாக்குவாங்க, பொம்பளைங்க அதுல தண்ணி ஊத்திப் பிசைஞ்சு மாவை வடிச்சு எடுப்பாங்க, அந்த மாவுல கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கிளறினா பசை பதத்துல ஒரு கூழ் வரும், அதுதான் தினசரி சாப்பாடு. ஒரு மரம் ஒரு குடும்பத்துக்கு நாள்கணக்குல வரும்.

இந்த மொழிக்கு சொந்தமே இல்லாம போனதுக்கு ஒரு சுவாரசியமான காரணம் சொல்றாங்க. சுமார் ஆறாயிரம் வருஷம் முன்னாடி இப்ப செபிக், ராமு சமவெளியா இருக்கற இடம் பூரா கடல் தண்ணி உள்ள வந்து தேங்கியிருந்துச்சு, பெரிய உள்நாட்டுக் கடல் மாதிரி. காபுன் இருக்கற மேடு அப்ப ஒரு தீவு. ஆறுங்க மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி கடல் பின்வாங்க, புது நிலத்துல வேற வேற மொழி பேசறவங்க வந்து குடியேற, அந்தப் பழைய தீவுல இருந்தவங்க மொழியோட மிச்சம்தான் தயாப்பா இருக்கலாம்னு ஒரு யூகம். யூகம்தான், ஆனா நிலத்தோட கதைக்கும் மொழியோட கதைக்கும் நல்லா பொருந்துது.

வெளி உலகத்துக்கு இந்த மொழி பத்தி முதல்ல எழுத்துல தெரிஞ்சது 1930கள்ல, ஒரு ஜெர்மன் பாதிரியார் அங்க போய் சில மணி நேரம் மட்டும் இருந்து ஒரு சின்ன வார்த்தைப் பட்டியல் எடுத்துட்டு வந்தார். அதுக்கப்புறம் அரை நூற்றாண்டு பெருசா யாரும் கண்டுக்கல. 1980களோட நடுவுல டான் குலிக்னு ஒரு மானுடவியலாளர் அங்க போய் ஒரு வருஷத்துக்கு மேல தங்கினார், அப்புறம் முப்பது வருஷம் விட்டு விட்டு திரும்பத் திரும்பப் போய்க்கிட்டே இருந்தார். இன்னிக்கு தயாப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி அவர் வேலையிலேருந்து வந்ததுதான்.

அவர் முதல்ல போனப்போ ஊர்ல நூத்துச் சொச்சம் பேர், அதுல கிட்டத்தட்ட 90 பேர் தயாப் நல்லா பேசினாங்க. இப்படிக் கேட்டா அட பரவாயில்லையே, முக்கால்வாசிப் பேர் பேசறாங்களேன்னு தோணும். ஆனா அவர் கவனிச்சது வேற, பத்து வயசுக்குக் கீழ இருந்த எந்தப் பிள்ளையும் தயாப் பேசல. ஒருத்தர் கூட இல்ல. எல்லாம் டோக் பிசின் பேசிச்சுங்க. அப்புறம் ஊர் மக்கள்தொகை ஏறி 200 பக்கம் வந்துச்சு, தயாப் பேசறவங்க 50க்கும் கீழ போயிட்டாங்க. ஊர் பெருசாச்சு, மொழி சின்னதாச்சு.

இங்கதான் பொதுவா எல்லாரும் பண்ற ஒரு தப்பைச் சொல்லணும். "பேசறவங்க கம்மி, அதனால அழியுது"ன்னு நினைக்கறது. தயாப் எந்தக் காலத்துலயும் பெரிய மொழியா இருந்ததில்ல, அதோட உச்சத்துல கூட நூறு நூத்தம்பது பேரைத் தாண்டியிருக்காதுன்னுதான் தோணுது. அந்த நூறு பேரை வெச்சுக்கிட்டே அது நூற்றாண்டு கணக்கா ஜம்முனு ஓடிச்சு. நியூ கினில இது ஒண்ணும் அதிசயம் இல்ல. எங்கா மாதிரி லட்சக்கணக்குல பேசற மொழிங்க விரல் விட்டு எண்ற அளவுதான், மத்தது நிறைய சில ஆயிரம், சில நூறு. சின்னதா இருக்கறது அங்க நோய் இல்ல, அதுதான் நார்மல்.

சொல்லப்போனா வேணும்னே வித்தியாசமா இருக்கப் பாப்பாங்க. இன்னொரு பகுதியில செலெபெட்னு ஒரு மொழி, நிறைய கிராமத்துல பேசறாங்க, அதுல ஒரு கிராமத்துக்காரங்க கூட்டம் போட்டு, நாம பக்கத்து ஊர்க்காரங்க மாதிரியே பேசக்கூடாதுன்னு முடிவு பண்ணி, "இல்ல"ங்கறதுக்கு இருந்த "பியா"ங்கற வார்த்தையைத் தூக்கிட்டு "புங்கே"ன்னு வேற வார்த்தையை வெச்சுக்கிட்டாங்க, அன்னிலேருந்து அந்த ஊர்ல அதுதான். மொழிங்கறது அங்க நாங்க யாருன்னு காட்டற அடையாளம், கூடவே பக்கத்து ஊர் மொழி நாலு தெரிஞ்சு வெச்சுக்கறதும் பெருமை. காபுன் ஆம்பளைங்களும் அப்படித்தான், தயாப்போட சேர்த்து கோப்பார், அட்ஜோரான்னு சுத்துப்பட்டு மொழிங்க தெரியும். தயாப் ரொம்ப சின்னதுங்கறதால வெளியாளுங்க யாரும் அதைக் கத்துக்க மெனக்கெடல, இவங்கதான் எல்லாரோடதையும் கத்துக்கிட்டாங்க. அதனால ரெண்டு மூணு மொழி தெரியறதும் தாய்மொழியைக் கொல்லாது. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் மேல போகணும்.

அப்போ எதுதான் கொன்னுச்சு? வழக்கமா சொல்ற காரணங்களை ஒண்ணொண்ணா வெச்சுப் பாருங்க. அரசாங்கம் தடை பண்ணுச்சா? இல்ல. வேற இனத்துக்காரங்க வந்து ஊரைப் பிடிச்சாங்களா? இல்ல, அந்தச் சேத்துக்கு யாரு வருவா. கல்யாணம் கட்டி வெளி மொழிக்காரங்க நிறைய வந்துட்டாங்களா? சிலர் உண்டு, ஆனா அப்படிப்பட்டவங்களும் முன்னெல்லாம் தயாப் கத்துக்கிட்டாங்க. எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்களா? இல்ல, மொழி மாறினப்போ ஊர்லதான் இருந்தாங்க. வேலை கிடைக்க வேற மொழி வேணுமா? அங்க வேலையே கிடையாது, அவங்கவங்க தோட்டம், அவங்கவங்க சாகோ. ஸ்கூலா? பக்கத்து ஊர் வோங்கான்ல ஸ்கூல் வந்தது 1960களோட கடைசியில, அங்க சொல்லித்தந்தது இங்கிலீஷ், ஆனா பிள்ளைங்க மாறினது இங்கிலீஷுக்கு இல்ல, டோக் பிசினுக்கு. அதுவும் ஸ்கூல் வயசு வர்றதுக்கு முன்னாடியே.

டோக் பிசின் பத்தி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டுல பசிபிக் தீவுகள்லேருந்து ஆளுங்களை ஒப்பந்தக் கூலியா குவீன்ஸ்லாந்து, சமோவா தோட்டங்களுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பல மொழிக்காரங்க ஒரே லைன்ல வேலை செஞ்சப்போ இங்கிலீஷ் வார்த்தைகளை வெச்சுக்கிட்டு, இலக்கணத்தை தங்க ஊர் வழக்குல கோத்து ஒரு கலப்பு மொழி உண்டாச்சு, அது நியூ கினில வேர் விட்டு வளர்ந்ததுதான் டோக் பிசின். கேட்டா உடைஞ்ச இங்கிலீஷ் மாதிரி தோணும், ஆனா அது தப்பு, அதுக்குன்னு முழு இலக்கணம் இருக்கு. உதாரணமா நம்ம "நாம", "நாங்க" வித்தியாசம் இங்கிலீஷ்ல கிடையாது, டோக் பிசின்ல உண்டு: கேக்கறவரையும் சேர்த்து "யூமி", அவரை விட்டுட்டு "மிபெலா". இன்னிக்கு பார்லிமென்ட்ல பேசறது, ரேடியோவுல வர்றது, சந்தையில விலை பேசறது எல்லாம் இதுலதான், நாட்டோட அதிகாரபூர்வ மொழிகள்ல ஒண்ணு.

காபுனுக்கு இது வந்தது முதல் உலகப்போர் சமயத்துல. ஊர்லேருந்து ரெண்டு ஆம்பளைங்க தேங்காய்த் தோட்டத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போனாங்க, சில வருஷம் கழிச்சு இரும்புக் கத்தி, கோடாலி, துணி, கதைகள், கூடவே இந்த மொழியையும் கொண்டுவந்தாங்க. ஊர்ல இருந்தவங்க அதை வெள்ளைக்காரன் மொழின்னே நினைச்சாங்க. இளவட்டங்க ஆசையா கத்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் அதிகாரி மாதிரி அதட்டி விளையாடினாங்களாம். இது வரைக்கும் பிரச்சனை ஒண்ணும் இல்ல பாருங்க, ஆம்பளைங்க இன்னொரு வெளி மொழி கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான், வழக்கமா பண்றது. ஆனா ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் ராணுவம் அந்தப் பக்கம் வந்தப்போ ஊரே காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுது, அங்க வயித்துக்கடுப்பு வந்து பெரியவங்க நிறைய பேர் செத்துட்டாங்க. பழைய சடங்கு தெரிஞ்ச தலைமுறை அதோட போச்சு. போர் முடிஞ்சதும் கத்தோலிக்க சமயம் ஊருக்குள்ள வந்துச்சு, பிரார்த்தனை, பாட்டு எல்லாம் டோக் பிசின்ல. அதுக்கப்புறம்தான் பொம்பளைங்களும் டோக் பிசின் கத்துக்க ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்களை வளக்கறவங்க வாய்க்கு அந்த மொழி வந்ததுதான் திருப்பம். ஆம்பளைங்க நாப்பது வருஷமா பேசிட்டு இருந்தப்போ எதுவும் ஆகல.

இப்ப கொஞ்சம் உள்ள போகணும், ஏன்னா அம்மாமாருக்கு ரெண்டு மொழி தெரிஞ்சா மட்டும் போதாது, ஏன் பிள்ளைங்ககிட்ட ஒண்ணை மட்டும் பேசறாங்கன்னு கேக்கணும். காபுன்காரங்க பார்வையில ஒவ்வொரு மனுஷனுக்கும் ரெண்டு பக்கம் உண்டு. ஒண்ணு ஹெட், அதாவது தன்னிச்சை, அடம், நான் நினைச்சதுதான்ங்கற குணம். இது ஜாஸ்தியானா "பிக்ஹெட்". இன்னொண்ணு சாவே, அறிவு, விவரம், அடுத்தவங்க மனசைப் புரிஞ்சு நடக்கற பக்குவம். பழைய காலத்துலயும் இந்த ரெண்டும் இருந்துச்சு. ஆனா மிஷன் வந்து, சர்ச் வந்து, வெளி உலகம் தெரிஞ்சப்புறம் சாவேங்கறது கிறிஸ்தவம், வெள்ளைக்காரன், படிப்பு, முன்னேற்றம், ஆம்பளைங்க, டோக் பிசின் இதுங்களோட போய் ஒட்டிக்கிச்சு. ஹெட்ங்கறது பழைய காட்டுமிராண்டி வழக்கம், பொம்பளைங்க, கோவம், தயாப் இதுங்களோட ஒட்டிக்கிச்சு. யாரும் தயாப் மட்டமான மொழின்னு வாயைத் திறந்து சொல்லல. கேட்டா எங்க மொழி, இனிமையான மொழின்னுதான் சொல்லுவாங்க. ஆனா எந்த இடத்துல எது வாய்ல வருதுன்னு பாத்தா கதை தெரியும்.

ஆம்பளைங்க கூடற பொது மண்டபத்துல நடக்கற பேச்சு ஒரு பக்கம். அங்க சத்தம் போடாம, எல்லாரும் ஒத்துமையா இருக்கணும், பழசை மறக்கணும்னு நீட்டி முழக்கிப் பேசுவாங்க, தயாப் நடுநடுவுல வந்தாலும் டோக் பிசின்தான் தூக்கலா நிக்கும். இன்னொரு பக்கம் "க்ரோஸ்". யாராவது நம்ம கோழியை விரட்டிட்டான், புருஷன் சொன்ன வேலை செய்யல, எவளோ நம்ம விறகுல கை வெச்சுட்டா, அவ்வளவுதான், வீட்டுக்காரம்மா வீட்டு மேடையில நின்னோ உக்காந்தோ ஊருக்கே கேக்கற மாதிரி ஆரம்பிச்சிருவாங்க. எதிராளி முன்னாடி நிக்கணும்னு கூட அவசியம் இல்ல, அவங்க அவங்க வீட்ல இருந்தா போதும், காதுல விழும்ல. பதிலுக்கு அங்கேருந்தும் வரும். முக்கால் மணி நேரம் ஓடும் சில சமயம். உடம்புல ஒரு பாகம் விடாம வசவு, ஒண்ணு விட்டு ஒண்ணு ஜோடிச்சு, ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி வேற வேற மாதிரி முறுக்கி, கேக்கறவங்க உள்ளுக்குள்ள ரசிப்பாங்க. இது பெரும்பாலும் தயாப்லதான். ஆம்பளைங்க இதைக் காட்டி "பாரு, பொம்பளைங்களுக்கு ஹெட் ஜாஸ்தி"ம்பாங்க. என்னைக் கேட்டா, அந்தக் க்ரோஸ் இல்லாம பொம்பளைங்களுக்கு அந்த ஊர்ல நியாயம் கேக்க வேற வழியும் இருக்கல, ஆனா அது தனிக் கதை. நமக்கு முக்கியம் என்னன்னா மொழிக்கு ஒரு வாசனை ஏறிடுச்சு. தயாப்னா கோவம், டோக் பிசின்னா விவரம்.

இந்த வாசனையோட ஒரு கைக்குழந்தைகிட்ட போவோம். காபுன்ல குழந்தைங்க பொறக்கும்போதே அடங்காப்பிடாரியா பொறக்குதுங்கன்னு ஒரு நம்பிக்கை. குழந்தை முதல்ல பேசற வார்த்தைன்னு அவங்க சொல்றது "அம்மா", "அப்பா" இல்ல. "ஓக்கி", அதாவது நான் கிளம்பறேன். "மிண்டா", எனக்கு அலுத்துப்போச்சு. "ஆயியாதா", நிறுத்து. குழந்தை சும்மா ஏதோ முனகும், பக்கத்துல இருக்கற பாட்டி சிரிச்சுக்கிட்டே "கிளம்பறானாம், காட்டுக்குப் போறானாம்"னு மொழிபெயர்ப்பாங்க. கவனிச்சீங்களா, அந்த மூணும் தயாப் வார்த்தை, மூணும் முரண்டு. அப்போ குழந்தை அடம் பிடிக்கிற கட்டத்தைத் தாண்டி விவரம் வர்ற கட்டத்துக்கு வந்துடுச்சுன்னா, அதுகிட்ட பேசற மொழி எதுவா இருக்கும்? சாவேயோட மொழி. டோக் பிசின்.

இதை யாரும் உக்காந்து யோசிச்சு செய்யல. தினசரி வீட்டுப் பேச்சு எப்படிப் போகும்னா, அம்மா தயாப்ல ஏதோ சொல்லுவாங்க, போய் அந்தக் கத்தியை எடுத்துட்டு வான்னு வெச்சுக்கோங்க, பிள்ளை அசையாது, இன்னொரு தடவை தயாப்ல, அப்பவும் அசையாது, மூணாவது தடவை கொஞ்சம் அழுத்தி டோக் பிசின்ல, பிள்ளை எழுந்து போகும். இப்படி நாள் பூரா. பிள்ளை கத்துக்கறது என்ன? தயாப்ல வர்றதை விட்டுரலாம், திரும்ப டோக் பிசின்ல வரும், அப்ப பாத்துக்கலாம். தயாப் கட்டளை புரியும், பதில் சொல்லவே வேண்டி வராது. அம்மா தோட்டத்துக்கோ சாகோ வேலைக்கோ போயிட்டா சின்னதுங்களைப் பாத்துக்கறது எட்டு ஒம்பது வயசு அக்கா அண்ணன்தான், அவங்க வாய்ல டோக் பிசின் மட்டும்தான், அதனால ரெண்டாவது மூணாவது குழந்தைக்கு தயாப் காதுல விழறது இன்னும் குறையும். ஒரு வீட்ல முதல் பிள்ளை மாறினாலே மிச்சதெல்லாம் தானா மாறிடும். மொழி பத்தி படிக்கறவங்க இந்த அக்கா அண்ணன் விஷயத்தை அவ்வளவா கவனிக்கறதில்ல, ஆனா எனக்கு இதுதான் மொத்தக் கதையிலயும் வேகமான சக்கரம்னு படுது.

இதுல ஒரு கொடுமை, ஏன் பிள்ளைங்க தயாப் பேச மாட்டேங்குதுன்னு பெத்தவங்களைக் கேட்டா, பழி பூரா பிள்ளைங்க மேலதான். "நாங்க நம்ம மொழி பேசத்தான் சொல்றோம், இதுங்க பிக்ஹெட், கேக்க மாட்டேங்குதுங்க." பொய் சொல்லல அவங்க, உண்மையாவே அப்படித்தான் நம்பறாங்க. தாங்க அந்தப் பிள்ளைகிட்ட நாள் பூரா டோக் பிசின்தான் பேசறோம்னு அவங்களுக்கே தெரியல. அவங்க கணக்குல மொழிங்கறது பக்கத்துல இருந்து ஊட்டறது இல்ல, பிள்ளைக்கா மனசு வந்தா தானா பேசும், மனசு வரலைன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மனுஷனோட தன்னிச்சைக்கு அவ்வளவு மரியாதை குடுக்கற ஊர்ல வேற எப்படி யோசிப்பாங்க சொல்லுங்க.

சரி, அந்தப் பிள்ளைங்க வளர்ந்து என்ன ஆனாங்க? இங்க ஒரு திருப்பம். 2009ல குலிக் திரும்பப் போய் நீண்ட நாள் தங்கினப்போ, தயாப் தெரியாதுன்னு எல்லாரும் சொன்ன இளைஞருங்களைத் தனியா கூப்பிட்டு தயாப்ல ஒரு கதை சொல்லுங்கன்னார். சிலர் தட்டுத் தடுமாறினாங்க, ஆனா சிலர் சரளமா சொன்னாங்க, இலக்கணம் பெரும்பாலும் சரியா. வாழ்நாள்ல யார்கிட்டயும் அந்த மொழியில ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டாங்க, ஆனா உள்ள இருக்கு. மொழியியல்ல புரியும் ஆனா பேச வராதுங்கற ஆளுங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க, இவங்க அதுலயும் சேரல, பேச வரும், ஆனா பேச மாட்டாங்க. ஏன்னா கூச்சம். ஒரு விகுதி மாறினா பெருசுங்க சிரிப்பாங்க, டோக் பிசின் வார்த்தை கலந்தா கேலி. அதுக்கு பேசாம இருக்கறதே மேல். பெருசுங்க இளசுங்க தயாப் பேசலைன்னு புலம்பறாங்க, பேசினா சிரிக்கறாங்க, இது எந்த ஊர்லயும் நடக்கறதுதான்.

மாறாம தப்பு இல்லாம பேசறது லேசும் இல்ல. தயாப்ல ஒரு வினைச்சொல்லுக்குள்ள யார் செஞ்சது, யாருக்குச் செஞ்சது, நடந்ததா நடக்கப்போறதா எல்லாம் ஏறி உக்காரும், அவ அவனைத் தோள்ல தூக்கிட்டுப் போக நினைக்கறாங்கறதை ஒரே சொல்லா சொல்லிரலாம். ஆண்பால் பெண்பாலும் உண்டு, ஆனா அது உயிர் உள்ளதுக்கு மட்டும் இல்ல, பொருளோட உருவத்தைப் பாத்து வருது, நீளமா ஒல்லியா இருந்தா ஆண்பால் பக்கம், குட்டையா உருண்டையா இருந்தா பெண்பால் பக்கம், சும்மா பொதுவா சொன்னா பெண்பால்தான். இந்த நெளிவு சுளிவெல்லாம் வயசு குறையக் குறைய கழண்டுகிட்டே வருது. சிக்கலான வினைக்குப் பதிலா சின்னச் சின்ன வாக்கியமா உடைச்சு சொல்றாங்க, பால் வேறுபாடு மங்குது, காட்டு மரம், செடி, பறவை பேர்ல நிறைய இடத்துல டோக் பிசின் பேர் வந்து உக்காருது. மொழி ஒரே நாள்ல அணையறதில்ல, மேல் மாடியிலேருந்து ஒவ்வொரு அறையா காலியாகிக்கிட்டே வருது. க்ரோஸ் கலை கூட அப்படித்தான், இளசுங்களுக்கு கெட்ட வார்த்தை தெரியும், ஆனா அதை முக்கால் மணி நேரத்துக்கு நீட்டிக் கோக்கற வித்தை தெரியாது.

பள்ளிக்கூடத்துல தாய்மொழியில சொல்லிக்குடுத்தா சரியாகிடாதான்னு கேக்கலாம். பாப்புவா நியூ கினி அதை ட்ரை பண்ணாம இல்ல, 1990கள்ல ஆரம்ப வகுப்புகளை உள்ளூர் மொழியில நடத்தலாம்னு ஒரு பெரிய சீர்திருத்தம் கொண்டுவந்தாங்க, நானூறுக்கு மேல மொழிங்கள்ல வகுப்பு நடந்துச்சு, உலகத்துல வேற எந்த நாடும் இவ்வளவு துணிஞ்சதில்ல. 2013ல அதைக் கைவிட்டு திரும்ப இங்கிலீஷுக்குப் போயிட்டாங்க. ஆனா தயாப் கதையில ஸ்கூல் காரணமும் இல்ல, மருந்தும் இல்ல. அஞ்சு வயசுல ஸ்கூலுக்கு வர்ற பிள்ளை அதுக்குள்ள எந்த மொழியில கனவு காணணும்னு முடிவாயிடுச்சு. வீட்டு மேடையில, ஒம்பது வயசு அக்கா இடுப்புல இருக்கும்போதே முடிவானது அது.

வெளியேருந்து ஒருத்தர் போய் காப்பாத்தியிருக்கலாமேன்னா, காபுன் அவ்வளவு அமைதியான இடமும் இல்ல. 1991ல குலிக்கை கொள்ளையடிக்க ஆயுதத்தோட ஆளுங்க வந்தப்போ ஊர்க்காரர் ஒருத்தரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம் பல வருஷம் அவரால அங்க போகவே முடியல. ஊருக்குள்ளயும் சண்டை, வீடு எரிப்புன்னு அப்புறமும் வந்துச்சு, 2018ல ஊரைக் காலி பண்ணிட்டு ஜனங்க அக்கம்பக்கத்து ஊருங்களுக்குப் போயிட்டாங்க. அவரும் ஆஞ்சலா டெரில்னு இன்னொரு மொழியியலாளரும் சேர்ந்து 2019ல தயாப்புக்கு முழு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டாங்க. நல்ல வேலை, ஆனா அதைப் பாத்து யாரும் பேசக் கத்துக்கப் போறதில்ல, அது ஆராய்ச்சிக்கு. எனக்கு இதுல பெருசா புலம்பறதும் பிடிக்கல, அந்த ஊர் ஜனங்க அழியல, பிள்ளைங்க ஊமையாகல, டோக் பிசின்ல கதை சொல்றாங்க, கிண்டல் பண்றாங்க, காதலிக்கறாங்க, இளைஞருங்க அதுலதான் காதல் கடுதாசி எழுதறாங்க. மொழி மாறறதும் அவங்க செஞ்சதுதான், அதுல அவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு, டோக் பிசின் வந்தா ரோடு வரும், தகரக் கூரை வரும், வாழ்க்கை மாறும்னு. அது மட்டும் இன்னும் வரல.

அடுத்த தடவை எங்கயாவது ஒரு மொழியைப் பத்திப் படிச்சா, மொத்தம் எத்தனை பேர் பேசறாங்கங்கற எண்ணை மட்டும் பாக்காதீங்க, பேசறவங்கள்லயே வயசு கம்மியானவருக்கு என்ன வயசுன்னு தேடிப் பாருங்க. பத்து லட்சம் பேர் பேசி, சின்னவருக்கு நாப்பது வயசுன்னா அது காபுனை விட மோசமான நிலைமை. இருநூறு பேர் பேசி, அதுல மூணு வயசுப் பிள்ளையும் அடம் பிடிச்சு பேசுதுன்னா அது ஆரோக்கியமான மொழி. கீழ் செபிக்ல இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டே ஊர் ஊரா போனா தயாப் மட்டும் தனி இல்லன்னு தெரியும். பக்கத்து மொழி கோப்பாரும் இப்ப அதே வழிதான். மேல ஆத்தோரம் யிமாஸ்னு ஒரு மொழி, இலக்கணச் சிக்கலுக்காக மொழியியல் வகுப்புகள்ல உலகம் பூரா பாடமா எடுக்கறாங்க, 1991ல அதோட இலக்கண நூல் வந்தப்போவே பேசறவங்க சில நூறு பேர்தான், அங்கயும் பிள்ளைங்க டோக் பிசின்தான் பேசிச்சுங்க.